தண்டவாளம் இல்லாத ஊரின் ரயில் சுற்றுலா

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் சுற்றுலா என்றால் ஒரே நாளில் நான்கு இடமாவது பார்த்தாக வேண்டும். தஞ்சாவூர் பெரிய கோயில், கல்லணை, மலைக்கோட்டை, முக்கொம்பு. பொழுது மிச்சமிருந்தால் சமயபுரம். விடிவதற்கு முன் வேன் ஏறி, நடுச்சாமத்தில் வந்து இறங்குவோம். மறுநாள் வகுப்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், யார் யார் வாந்தி எடுத்தார்கள், வேனில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற கணக்குதான் வரும். அதில் தப்பு ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கு வேனே பெரிய சுற்றுலாதான். ஆனால் அதற்காக ஆயிரம் வருஷத்துக் கோயிலை முக்கால் மணி நேரத்தில் சுற்றவிட்டு, "ம், ஏறு ஏறு" என்று ஓட்டிக்கொண்டு வருவது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

2016 தீபாவளி முடிந்த கையோடு ஆசிரியர் அறையில் அந்த வருஷத்துச் சுற்றுலாப் பேச்சு வந்தது. பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அரசு நடுநிலைப் பள்ளி எங்களுடையது. "இந்தத் தடவை ஒரே இடம் போவோம் சார், திருச்சி ரயில்வே மியூசியம்" என்றேன். தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஓடாத ரயிலப் பாக்க அவ்வளவு தூரம் போகணுமா டீச்சர்? அதான் நம்ம ஊர்லயே இருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கக்கூடிய விஷயம்தான். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடி போகும் மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக்குகிறோம் என்று 2012-இல் மூடினார்கள். பழைய தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனதை ஊரே நின்று பார்த்தது. அப்புறம் மண்ணைக் கொட்டினார்கள், மேட்டை உயர்த்தினார்கள், கான்கிரீட் ஸ்லீப்பர்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். வண்டி மட்டும் வந்தபாடில்லை. ஒரு காலத்தில் சென்னைக்கு ராத்திரி கம்பன் எக்ஸ்பிரஸ் ஏறிப் போன ஊர் இது. எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாதை மூடும்போது ஐந்தாறு வயது. அவர்களுக்கு ரயில்வே ஸ்டேஷன் என்றால் ஆடு கட்டுகிற இடம், கிரிக்கெட் ஆடுகிற இடம். பாதிப் பேர் ரயிலில் ஏறியதே இல்லை.

நான் அந்த மியூசியத்தைச் சொன்னதற்கும் அதுதான் காரணம். திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ரயில் கல்யாண மண்டபத்தை ஒட்டி 2014-இல் அதைத் திறந்தார்கள். சொந்த வேலையாகத் திருச்சி போனபோது ஒரு சனிக்கிழமை உள்ளே போய்ப் பார்த்திருந்தேன். பழைய விளக்குகள், மணிகள், படங்கள், சிக்னல் சாமான்கள், வெளியே நீராவி இன்ஜின். பெரிய இடமில்லை. நான் நின்றிருந்தபோதே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு பலகையில் இருப்பதையும் நோட்டில் எழுதச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டே நகர்ந்தார்கள். விளக்கை யாரும் பார்க்கவில்லை, விளக்கின் கீழிருந்த எழுத்தைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் பிள்ளை பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே ஓடிப்போய்க் குட்டி ரயிலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். இப்படிக் கூட்டிவருவதென்றால் வேண்டாம், வேறு மாதிரி கூட்டிவர வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியது. என்ன மாதிரி என்றுதான் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் வாதம் ஒரு வாரம் நடந்தது. கணக்கு வாத்தியார் கல்லணையை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. கடைசியில் தலைமையாசிரியர் ஒரு வழி சொன்னார்: பிள்ளைகளிடமே கேட்டுவிடுவோம். கேட்டதும் முதல் குரல் எழுந்தது, "ரயில்லயே போவோமா டீச்சர்?" எனக்கு உறைத்தது அப்போதுதான். ரயில் மியூசியத்துக்குப் பஸ்ஸில் போவதைப் பற்றி நாங்கள் ஒரு வாரமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அதோடு திட்டம் உருமாறியது. தஞ்சாவூர் வரைக்கும் பஸ், அங்கிருந்து திருச்சிக்கு பாசஞ்சர் வண்டி. வண்டி ஏறுவதற்கே 75 கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும், ஏறினால் 50 கிலோமீட்டர் ரயில். "இது என்ன கூத்து" என்றார் கணக்கு வாத்தியார். ஆனால் டிக்கெட் கணக்கை அவர்தான் ஆர்வமாகப் போட்டார். கிராமப்புற அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்விச் சுற்றுலா போனால் ரயில்வேயில் சலுகை உண்டு. தலைமையாசிரியர் சான்று, குறிப்பிட்ட படிவம், முன்கூட்டியே மனு என்று அதற்கு ஒரு நடை இருக்கிறது. பாசஞ்சர் வண்டிக் கட்டணமே ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசுதான், அந்த மனுவுக்கு அலைகிற பஸ் செலவு அதைவிட அதிகம் என்று அவரே கண்டுபிடித்து மனுவைக் கைவிட்டார். 12 வயதுக்குக் கீழே அரை டிக்கெட், மேலே முழு டிக்கெட். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவைத்துப் பிறந்த தேதி பார்த்துப் பட்டியல் போட்டோம். ஏழாம் வகுப்பில் ஒருத்திக்குச் சுற்றுலாவுக்குக் கொஞ்சம் முந்தித்தான் 12 முடிந்திருந்தது. "எனக்கு ஃபுல் டிக்கெட்டு" என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவள் அப்பாவுக்குத்தான் அதில் அவ்வளவு சந்தோஷமில்லை.

எங்கள் ஊரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாக இருந்தவர். கீமேன் என்றால் தினமும் விடிந்ததும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்க்க வேண்டும். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிக்கிற சாவி எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்துச் சுத்தியலால் அடித்து இறுக்க வேண்டும். வெயில் மழை என்று பார்க்க முடியாது. பிள்ளைகளிடம் பேச அவரைக் கூப்பிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே விட்டார்.

"நான் என்னம்மா பேசப்போறேன், படிச்சவங்க முன்னாடி?"

"நீங்க நடந்த கதையச் சொல்லுங்கய்யா, போதும்."

"நடந்த கதைதான். வேற என்ன இருக்கு, நடந்ததுதான் பூராவும்" என்று அவரே சிரித்தார்.

மறுவாரம் பள்ளிக்கு வந்தவர் பேசவெல்லாம் இல்லை. ஒரு சாக்பீஸ் கேட்டு வாங்கி, மைதானத்தில் இரண்டு கோடு போட்டார். "இது நம்ம பழைய லைன். ஒரு மீட்டர்." அதை ஒட்டி இன்னும் இரண்டு கோடு. "இது புது லைன்." ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னேன். 1 மீட்டர் 67 சென்டிமீட்டரும் கொஞ்சமும் வந்தது. எட்டாம் வகுப்பில் நெட்டையான பையன் குறுக்கே படுத்துப் பார்த்தான், தலையிலிருந்து கால்வரை கிட்டத்தட்டச் சரியாக இருந்தது. மீட்டர் கேஜில் அவன் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அகலப்பாதை, மீட்டர் பாதை என்று புத்தகத்தில் நான் எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒரு பையனைத் தரையில் படுக்கவைத்து அளந்ததில்லை.

அந்தக் கோடுகளை வைத்தே இன்னொரு கதையும் சொல்ல முடிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு 1861, 62-இல் முதன்முதலாக ரயில் வந்தபோது அது அகலப்பாதைதான். கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி போட்டது. பத்துப் பதினைந்து வருஷத்தில், செலவு குறையும் என்று அதையே மீட்டர் கேஜாகச் சுருக்கினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியபின், தஞ்சாவூர்-திருச்சிப் பாதையை 1990-களின் கடைசியில் மறுபடி அகலமாக்கினார்கள். "அப்ப எதுக்கு டீச்சர் மொதல்ல சுருக்கினாங்க?" என்று கேட்டான் ஒருவன். நியாயமான கேள்வி.

எங்கள் பாதையின் கதை வேறு. அதை நான் படித்து வைத்திருந்தேன், ஆனால் பெரியவருக்கே அது புதிது. வெள்ளைக்காரக் கம்பெனி போட்ட பாதை இல்லை இது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு போட்டது. நிலம் வைத்திருந்தவர்களிடம் தீர்வையோடு சேர்த்து ரூபாய்க்கு மூன்று பை என்று ரயிலுக்காகத் தனி வரி வசூலித்தார்கள். 192 பை ஒரு ரூபாய். அந்தப் பணம் சேர்ந்துதான் 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை வந்தது, 1902-இல் பட்டுக்கோட்டை, 1903-இல் பேராவூரணியைத் தாண்டி அறந்தாங்கி. வண்டி ஓட்டிக்கொடுத்தது மட்டும் தென்னிந்திய ரயில்வே. காரைக்குடியோடு இணைந்தது சுதந்திரத்துக்கு அப்புறம், 1952-இல். பெரியவர் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இது நம்ம பாட்டன் காசுல போட்டதா?" என்றார். "ஆமாய்யா." "இது தெரிஞ்சிருந்தா கழட்டிக்கிட்டுப் போறப்ப சும்மா விட்ருக்க மாட்டனே!" பிள்ளைகள் கைதட்டினார்கள்.

டோக்கன் விளையாட்டுத்தான் அந்த மாதத்தின் பெரிய வெற்றி. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு இயந்திரம், இரண்டையும் கம்பி இணைக்கும். உள்ளே இரும்பு உருண்டைகள். இந்த ஸ்டேஷன் மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் ஓர் உருண்டை வெளியே வரும். அதை வாங்கினால்தான் டிரைவர் வண்டியை எடுக்கலாம். அந்த உருண்டை ஏதாவது ஒரு பக்கத்து இயந்திரத்துக்குள் திரும்பப் போகிறவரை இரண்டிலிருந்தும் இன்னொன்று வராது. நிற்காமல் போகும் வண்டிக்குப் பிரம்பு வளையத்தில் பையைக் கட்டி, அதற்குள் உருண்டையைப் போட்டு, ஓடுகிற இன்ஜினுக்கு நேராகப் பிளாட்பாரத்தில் ஒருவர் நீட்டிக்கொண்டு நிற்பார்.

பள்ளி வராந்தாவின் ஒரு முனை பேராவூரணி, மறு முனை ஒட்டங்காடு. ரப்பர் பந்துதான் டோக்கன். ஸ்டேஷன் மாஸ்டராக வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் ஆசை, ரயிலாக யாரும் வரவில்லை. முறை வைத்துத்தான் ஓடவிட்டோம். மூன்றாம் நாள் ஏழாம் வகுப்புப் பயல் ஒருவன் கால்சட்டைப் பையில் இன்னொரு பந்தை ஒளித்துக் கொண்டுவந்து, எதிர்வண்டி வரும்போதே நீட்டிவிட்டான். வராந்தா நடுவில் இரண்டு ரயிலும் மோதி, ஒரு ரயிலுக்கு உதடு கிழிந்தது. "அதுக்குத்தாண்டா மிஷினு. ஆளை நம்பி வண்டி விடக்கூடாதுன்னுதான் மிஷினு" என்றார் பெரியவர். அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அந்த எண்ணம்தான்.

இவ்வளவும் நன்றாகப் போனது. தேதிதான் படுத்தியது. பணம் வசூலிக்கலாம் என்று பார்த்தால் நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்றார்கள். ஊரில் யாரிடமும் சில்லறை இல்லை. கணக்கு வாத்தியார் ஒரு நோட்டுப் போட்டு, தருகிறபோது தாருங்கள் என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். டிசம்பரில் ஒரு நாள் குறித்தோம், 5-ஆம் தேதி முதலமைச்சர் இறந்துபோனார். அப்புறம் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல் கழிந்து போகலாம் என்றால் ஜல்லிக்கட்டுப் போராட்டம், ரயிலையே மறித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில் அந்த வருஷம் மழையே இல்லை. வடகிழக்குப் பருவமழை அப்படிப் பொய்த்துப்போய் மாநிலத்தையே வறட்சி பாதித்ததாக அறிவித்திருந்தார்கள். தென்னை வைத்திருந்தவர்கள் போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்கக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு இருநூறு ரூபாய் என்று நாங்கள் போட்ட கணக்கைச் சில வீடுகளில் கேட்கவே வாய் வரவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் கொஞ்சம் போட்டோம், ஊரில் கடை வைத்திருந்த ஒருவர் கொஞ்சம் கொடுத்தார். யாருக்கு யார் கொடுத்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்பதில் மட்டும் தலைமையாசிரியர் கண்டிப்பாக இருந்தார். அந்த மனிதரிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

பணத்தைவிடப் பெரிய கேள்வி அம்மாக்களிடமிருந்து வந்தது. பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் நான்கைந்து பேர் சேர்ந்து வந்து கேட்டார்கள், "பொம்பளப் புள்ளைங்க ஒதுங்குறதுக்கு எங்க டீச்சர்?" சம்மதக் கடிதப் படிவத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் ஒரு சுற்றுலாவுக்குப் பெண் பிள்ளை வருவதும் வராததும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை நான் மறுபடி கிளம்பினேன். தஞ்சாவூர் ஸ்டேஷனில் பெண்கள் காத்திருப்பு அறை, வண்டியில் எந்தப் பெட்டியில் தண்ணீர் வருகிறது, திருச்சி ஜங்ஷன், மியூசியம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். மியூசியத்தில் என்ன காட்டுவது என்பதைவிட இதைத்தான் அதிகம் குறித்துவைத்தேன். அம்மாக்களிடம் சொன்னதும், "அப்ப எங்கள்ல ரெண்டு பேரு கூட வர்றோம்" என்றார்கள். அவர்களும் ரயில் ஏறி வெகுநாளாகியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கிளம்பியேவிட்டோம். 62 பிள்ளைகள், ஆசிரியர்கள் நாங்கள், இரண்டு அம்மாக்கள், சத்துணவு சமைக்கிற அக்கா, பெரியவர். அக்கா ராத்திரியெல்லாம் விழித்துப் புளிச்சோறு கிளறியிருந்தாள். பெரியவர் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் என்ன இருக்கிறது என்று மியூசியம் போகும் வரைக்கும் சொல்லவில்லை.

ரயில் பயணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் சீட்டுக்குச் சண்டை, கத்தல், கடலைக்காரர் ஒரே பெட்டியில் பாதிக்கூடை விற்றது. ஆலக்குடி, பூதலூர், திருவெறும்பூர் என்று ஸ்டேஷன் பெயர் வரும்போதெல்லாம் கோரஸாகப் படித்தார்கள். பொன்மலை வந்ததும் பெரியவர் எழுந்து நின்றார். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையை 1920-களில் இங்கே மாற்றிக்கொண்டு வந்த கதையை நான் சொல்லத் தொடங்கினேன். ஊட்டி மலை ரயிலுக்கு நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரிகிற புது நீராவி இன்ஜின்களை இந்தப் பணிமனைதான் கட்டிக்கொடுத்தது என்றும் சொன்னேன். நீராவி இன்ஜின் என்றால் மியூசியத்துச் சாமான் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. பெரியவர் சொன்னது வேறு. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி இங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள், வருஷா வருஷம் அந்த நாளில் சங்கத்துக்காரர்கள் கூடுவார்கள், தானும் வந்திருக்கிறேன் என்றார். "சுட்டது வெள்ளைக்காரனா தாத்தா?" "சுடச் சொன்னது அவன் ஆட்சி. சுட்டது நம்மாளுதான்." ஐந்து பேரின் கதையைக் கேட்ட அமைதி திருச்சி பிளாட்பாரத்தில் இறங்கிய இரண்டாம் நிமிஷத்தில் கலைந்துவிட்டது. பிள்ளைகள் அல்லவா.

மியூசியத்தில் குட்டி ரயிலை முதலில் விடுவதா கடைசியிலா என்பதற்கு எங்களுக்குள் ஒரு தனி வாதம் முன்பே நடந்திருந்தது. கடைசியில் வைத்தால்தான் அதுவரை அடங்கி நடப்பார்கள் என்றார்கள் மற்றவர்கள். நான் முதலில்தான் என்றேன். மனசு முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளை விளக்கைப் பார்க்கும்? ஏறிச் சுற்றி முடித்துவிட்டு உள்ளே வரட்டும். அப்படித்தான் செய்தோம். இன்னொரு சுற்றுக் கேட்டு நச்சரித்தவர்கள் இருந்தார்கள்தான், ஆனாலும் பெரும்பாலும் பலித்தது. நோட்டு, பேனா யார் கையிலும் கிடையாது. கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஆளுக்கு ஒரு சாமானைத் தேர்ந்தெடுத்து அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும், அது எப்படி வேலை செய்தது என்று பெரியவரையோ எங்களையோ கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியில் மற்றவர்களுக்கு அவர்களே சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கண்ணாடிக்குள் இருந்த கைவிளக்கு முன்னால் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். "நேத்து வரைக்கும் நான் தூக்குன சாமான் இது. இதப் போயி கண்ணாடிக்குள்ள வச்சிருக்கானே" என்றார். கண்ணாடியில் கை வைத்ததும் அங்கிருந்த காவலர் வந்து, தொடக்கூடாது ஐயா என்றார். ரயில்வேயில் இருந்தவர் என்று தெரிந்ததும் அந்தக் காவலரே பிள்ளைகளோடு பிள்ளையாக நின்று கதை கேட்கத் தொடங்கிவிட்டார். அப்போதுதான் மஞ்சள் பை திறந்தது. உள்ளே ஒரு பழைய தண்டவாளச் சாவி, துருப்பிடித்தது, ஒரு பச்சைக் கொடி, ஓய்வூதிய அடையாள அட்டை, தன் பேரில் வந்த ஒரு பாராட்டுக் கடிதம். எங்கேயோ மழையில் மண் அரித்து ஸ்லீப்பர் தொங்கிக்கொண்டிருந்ததை விடிகாலை நடையில் பார்த்து, எதிரே ஓடிப்போய் வண்டியை நிறுத்தியதற்காகக் கொடுத்தது. ஊரில் எங்கள் யாருக்கும் இது தெரியாது. பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டியை விட்டுவிட்டு அந்தப் பையைச் சுற்றிக்கொண்டார்கள். தொட்டுப் பார்க்கலாமே! சாவி கை மாறிக் கை மாறி வந்து கடைசியில் ஒரு மணி நேரம் காணாமல்போய், ஒரு ஆறாம் வகுப்புக்காரியின் டிபன் பாக்ஸில் கிடைத்தது.

வெளியே மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டுவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் சாமானைப் பற்றிச் சொன்னார்கள். பாதி தப்பும் பாதி சரியுமாகத்தான் இருந்தது. கைகாட்டி மரம் சாய்ந்திருந்தால் போகலாம், நேராக நீட்டியிருந்தால் நிற்க வேண்டும் என்பதைத் தலைகீழாகச் சொன்ன பையனை மற்றவர்களே திருத்தினார்கள். அட்டை டிக்கெட்டில் தேதி குத்துகிற இயந்திரத்தைப் பற்றிச் சொன்னவள், 'டக்' என்ற அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினாள். கடைசியாக, வராந்தாவில் பந்தை ஒளித்துக் கொண்டுவந்த அதே பயல் எழுந்தான். அவன் எதையும் விளக்கவில்லை, ஒரு கேள்விதான் கேட்டான்.

"விளக்கு, மணி, டோக்கன் எல்லாத்தையும் இங்க கொண்டாந்து வச்சிட்டாங்க. அப்ப நம்ம ஊருக்கு வரப்போற ரயிலுக்கு என்ன தாத்தா இருக்கும்?"

கலர் விளக்கு சிக்னல் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரியவர் குறுக்கிட்டார். "எது இருந்தாலும் இல்லாட்டியும் கேட்டுக்கு ஒரு ஆளு வேணும்டா. நம்ம லைன்ல எத்தன கேட்டு தெரியுமா? வழிநெடுக ரோடு, வழிநெடுக ஊரு. ஆள் இல்லாம அங்க வண்டி விட முடியாது."

மாலை வண்டியில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வீடு வந்து சேர ராத்திரி பத்தரை. யாரும் வாந்தி எடுக்கவில்லை என்று தலைமையாசிரியர் திங்கட்கிழமை பதிவேட்டில் எழுதாத குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கு வாத்தியார் அடுத்த வருஷம் கல்லணை என்றார்.

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்டது. கொஞ்ச காலம் யாருக்கும் ரயில் நினைப்பே இல்லை. 2019 ஜூன் 1-ஆம் தேதி திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே முழுப் பாதையிலும் வண்டி விட்டார்கள். மாலை போட்டு வரவேற்றோம். பெரியவர் பச்சைக் கொடியோடு வந்திருந்தார். ஆனால் கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. அதனால் என்ன செய்தார்கள் என்றால், கேட்டை மூடித் திறக்கிற ஆட்களை வண்டியிலேயே ஏற்றி அனுப்பினார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். வண்டி தாண்டியதும் மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். இப்படியே கேட்டுக்குக் கேட்டு. 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டிருந்த அந்தப் பந்துக்காரப் பயல் என்னைப் பார்த்ததும் கேட்டது, "டீச்சர், இந்த ஆளுங்கதான் இப்ப டோக்கனா?"

அந்த வருஷச் சுற்றுலாவுக்கு எங்கள் ஸ்டேஷனிலேயே ஏறிக் காரைக்குடிப் பக்கம் போகலாம் என்று ஆசையாகத் திட்டம் போட்டோம். கணக்கு வாத்தியார் கால அட்டவணையை விரித்துப் பார்த்தார். காலையில் திருவாரூரில் கிளம்பும் வண்டி பிற்பகலில்தான் காரைக்குடி போய்ச் சேரும், போனதும் அதே வண்டி திரும்பிவிடும். அன்றைக்கு வேறு வண்டி கிடையாது. இறங்கி ஏறத்தான் நேரம் இருக்கும், செட்டிநாட்டு வீடு ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. தலைமையாசிரியர் போனை எடுத்து பஸ்காரருக்கு ஒரு சனிக்கிழமை சொல்லிவைத்தார்.